நாம் வெட்டிய காடு

போன மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் நக்கீரனின் ‘காடோடி’யைப் பேசினோம். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெலுத்தோங்கில் ஒரு கோப்பிக் கடையின் கடைசி மேசை, ஏழெட்டுப் பேர், கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன மூன்று பிரதிகள். பேச்சு முடியப் போகிற நேரத்தில், பயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்:

“அக்கா, நாவல் நல்லாத்தான் இருக்கு. ஆனா படிச்சு முடிச்சதும் எல்லாரும் சோகமா மூஞ்சிய வெச்சுக்கிட்டு, போன எடுத்து ‘அருமையான புத்தகம்’னு போஸ்ட் போடுறோம். அந்தப் போனுக்குள்ள இருக்கிற காந்தத்துக்கு எந்த மலையத் தோண்டினாங்க? தோண்டாம இருக்க முடியுமா? காடும் வேணும், சுரங்கமும் வேணும், அங்க இருக்கிற பூர்வகுடிக்கு உரிமையும் வேணும். மூணுக்கும் நடுவுல ஒரு பேலன்ஸ் இருக்கும்ல? அத ஏன் எந்த எழுத்தாளரும் எழுதறதில்ல?”

நான் அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அமைச்சர்கள் பேசுகிற மாதிரிப் பேசாதே தம்பி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அது நியாயமில்லை. கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய், ‘காடோடி’யை மட்டுமல்ல, மலேசியத் தமிழ் இலக்கியம் காட்டைப் பற்றிச் சொல்லிவந்த கதையையே திரும்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

முதலில் நாவல். ‘காடோடி’ 2014-ல் வந்தது. போர்னியோ மழைக்காட்டில் மரம் வெட்டும் முகாமுக்கு வேலைக்குப் போகிற தமிழன்தான் கதைசொல்லி. நக்கீரனே அங்கு வேலை பார்த்தவர். நாவலின் பலம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. காட்டுக்காக அழுகிறவன் காட்டை வெட்டிச் சம்பளம் வாங்குகிறவன். அவனுடைய குற்ற உணர்வுக்கும் அவனுடைய வயிற்றுக்கும் ஒரே முதலாளி. சூழலியல் நாவல்களில் பொதுவாக ஒரு நல்லவன் வெளியிலிருந்து வந்து கெட்டவர்களைப் பார்த்து அதிர்ச்சியடைவான். இங்கே அந்தச் சௌகரியம் இல்லை.

குறையும் உண்டு. மரம், பறவை, பூச்சி, மண் என்று தகவல்கள் பாத்திரங்களின் வாய் வழியாகப் பாடம் மாதிரி வந்துகொண்டே இருக்கின்றன. அங்குள்ள தொல்குடி மனிதர்களில் பலர் நமக்குச் சொல்லித்தரவே பிறந்தவர்கள் போல இருக்கிறார்கள். ஒரு பூர்வகுடி மனிதர் சலிப்பாக, சுயநலமாக, மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்படுகிறவராக இருக்கக் கூடாதா? அவர் ஞானியாக இருந்தால்தான் அவருடைய காடு அவருக்குச் சொந்தமா? தமிழ் சூழலியல் எழுத்து முழுக்க இந்தச் சிக்கல் இருக்கிறது. உரிமையைத் தகுதியாக மாற்றிவிடுகிறோம். இயற்கையோடு இசைந்து வாழ்கிறார்கள், அதனால் நிலம் அவர்களுடையது என்கிறோம். நாளைக்கே ஒருவர் செம்பனை நட்டால் நம் அனுதாபம் காலாவதியாகிவிடும்.

இந்த விஷயத்தில் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) கெட்டியான புத்தகம். சோளகர்களை அவர் தெய்வமாக்கவில்லை. அவர்கள் குடிக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், ஒருவருக்கொருவர் துரோகமும் செய்துகொள்கிறார்கள். நிலம் அவர்கள் கையை விட்டுப் போகும் விதமும் சாதாரணமாக, ஏறக்குறைய அலுப்பூட்டும் விதமாக நடக்கிறது. இரண்டாம் பாதியின் சித்திரவதை முகாம்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு முதல் பாதிதான் பயங்கரம்.

தமிழ்நாட்டு வாசகர் ‘காடோடி’யைத் தூரதேசத்துக் கதையாக வாசிக்கலாம். நமக்கு அப்படியில்லை. அது நம்முடைய கடப்பிதழ் செல்லுபடியாகிற காடு.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மலேசியத் தமிழில் ‘காடு’ என்றால் என்ன? என் பாட்டி காட்டுக்குப் போறேன் என்று சொன்னால் ரப்பர் மரம் சீவப் போகிறார் என்று அர்த்தம். வெளிக்காட்டு வேலை என்றால் தோட்டத்தில் பால்வெட்டு அல்லாத மற்ற வேலைகள். பால்மரக்காடு, செம்பனைக்காடு. அகிலனின் நாவலின் பெயரே ‘பால்மரக் காட்டினிலே’. ஒரே ஒரு மரத்தை வரிசை வரிசையாக, அளந்து நட்டு, மற்ற எல்லாச் செடியையும் களை என்று பிடுங்கிப் போட்ட இடத்துக்கு நாம் காடு என்று பெயர் வைத்தோம். அப்படியானால் அதற்கு முன்னால் அங்கே இருந்ததற்குப் பெயர் என்ன? நம் மொழியில் அதற்குத் தனிப் பெயர் மிஞ்சவில்லை. பெயர் இல்லாத இடத்தில் ஆள் இருந்திருப்பான் என்று எப்படித் தோன்றும்?

நம் மேடைகளில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. பாம்பும் புலியும் வாழ்ந்த காட்டை வெட்டி இந்த நாட்டை உருவாக்கியவர்கள் நாங்கள். அந்த வாக்கியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். இந்த நாட்டில் நீ வந்தேறி என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் நம் தாத்தாக்கள் பதிலாகச் சொன்னது அது. மலேரியாவில் செத்தவர்கள், சஞ்சிக்கூலியாக வந்து திரும்பாதவர்கள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். உரிமை கோரும் வாக்கியம் அது. ஆனால் அதில் பாம்பு இருக்கிறது, புலி இருக்கிறது, மனிதன் மட்டும் இல்லை. சுரங்கக்காரர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் கோட் சூட் போட்டு. சும்மா கிடந்த நிலத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தோம் என்பார்கள்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். தோட்டத்துக்கு மேலே மலை. மலையில் தெமியார், செமாய் மக்கள். அவர்கள் பெட்டாயும் ரோத்தானும் கொண்டுவந்து தோட்டத்துக் கடையில் கொடுத்து உப்பும் புகையிலையும் வாங்கிப் போவார்களாம். பாட்டி அவர்களைச் சொல்லும் சொல் ‘சாக்காய்’. நாங்கள் சாப்பிட அடம் பிடித்தால், “சாக்காய் வந்து மூட்டைல கட்டிக்கிட்டுப் போயிருவான்” என்பார். நானும் அதை நம்பினேன். பள்ளியில் தலை வாராமல் வரும் பிள்ளையை ‘சாக்காய்’ என்று கூப்பிட்டோம். டீச்சர்களும் கூப்பிட்டார்கள்.

பல வருடங்கள் கழித்துத்தான் அகியா என்ற பெயரில் எழுதும் செமாய் எழுத்தாளரின் ‘பெராங் சங்கில்’ (2007) என்ற மலாய் நாவல் கைக்கு வந்தது. சங்கில் என்றால் ஆள்பிடிக்க வருகிறவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரைக்கும் பேராக்கிலும் பகாங்கிலும் கீழ்நிலத்திலிருந்து கூட்டமாக வந்து, பூர்வகுடிக் கிராமங்களை இரவில் தாக்கி, பெரியவர்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். ‘சாக்காய்’ என்ற சொல்லிலேயே அடிமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாவலை வாசித்த அன்று எனக்குப் பாட்டியின் மூட்டை ஞாபகம் வந்தது. மூட்டையில் கட்டித் தூக்கிப் போகப்பட்டது அவர்களுடைய பிள்ளைகள். பயத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, ஆளை மாற்றிப் போட்டுவிட்டோம். பாட்டி கெட்டவரில்லை. அவருக்கு அந்தக் கதையை யாரோ அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அகியாவைப் பற்றி நம் இலக்கியக் கூட்டம் எதிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. லத்தீன் அமெரிக்கா வரைக்கும் போய்வருகிறோம். மேலே இருக்கிற மலைக்குப் போகவில்லை.

சரி, தம்பியின் பேலன்ஸுக்கு வருகிறேன். மலேசியாவில் அந்தச் சொல்லை நிஜமாகவே நிலத்தின் மேல் வரைந்து பார்த்த இடம் ஒன்று உண்டு. பகாங்கில் தாசேக் சீனி. தீபகற்பத்தில் தாசேக் பெராவுக்கு அடுத்த பெரிய இயற்கை நன்னீர் ஏரி. கரையோரக் கிராமங்களில் ஜாக்குன் மக்கள். ஏரிக்குள் ஸ்ரீ குமும் என்ற நாகம் இருக்கிறது என்பது அவர்கள் கதை. 2009-ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. உயிர்க்கோளக் காப்பகம் என்ற திட்டமே சமநிலைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான். நடுவில் கருவப் பகுதி, அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. சுற்றி இடைப் பகுதி. அதற்கு வெளியே மாறுநிலைப் பகுதி, அங்கே மனிதர்களும் தொழிலும் இருக்கலாம். வரைபடத்தில் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். மூன்று வண்ணம், மூன்று வளையம், எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு.

ஏரியைச் சுற்றிய குன்றுகளில் இரும்புத்தாது எடுத்தார்கள். மரம் வெட்டினார்கள். செம்பனை நட்டார்கள். மழை பெய்தால் செம்மண் கரைந்து எங்கே போகும்? மழைக்கு வளையம் தெரியாது. அதற்கு முன்னாலேயே, 1995-ல், நீர்மட்டம் குறையாமல் இருக்கட்டும் என்று சீனி ஆற்றில் ஒரு தடுப்பணை கட்டியிருந்தார்கள், படகுச் சவாரிக்கும் சுற்றுலாவுக்கும் வசதியாக. கரையோர மரங்கள் நீரில் நின்றே செத்தன. ஏரியின் பெருமையாக இருந்த தாமரைகள் அருகிப்போயின. அந்தத் தண்ணீரை நம்பி இருந்தவர்களுக்கு மீனும் போயிற்று, நீரும் போயிற்று. 2021-ல் படங்கள் பரவி நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் ஏரியைச் சுற்றிய பகுதியை நிரந்தரக் காப்புக்காடாக்கும் வேலையை மாநில அரசு கையில் எடுத்தது.

இதை ஊழல் கதையாகச் சொல்லலாம். சொல்கிறார்கள். நான் கவனிப்பது வேறு. சுரங்கம் வந்தபோது ஜாக்குன் மக்களைக் கேட்டு வரவில்லை. அணை கட்டியபோது கேட்டுக் கட்டவில்லை. உயிர்க்கோளம் என்றபோதும், இப்போது காப்புக்காடு என்கிறபோதும் முடிவு மாநிலத்தின் கையில்தான். நிலம் எப்போதும் மாநில அரசினுடையது. அந்த நிலத்துக்கு ஒரு நாள் தாது என்று பெயர், ஒரு நாள் பாரம்பரியம் என்று பெயர். தராசின் இரண்டு தட்டுகளில் சுரங்கமும் இயற்கையும் உட்கார்ந்திருக்கின்றன. பூர்வகுடிகள் தட்டில் இல்லை. தராசைப் பிடித்திருக்கிற கையும் அவர்களுடையதில்லை. பின்னே எங்கே இருக்கிறார்கள்? எடைக்கல்லுக்குக் கீழே ஒட்டிய தூசி மாதிரி.

சட்டத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தீபகற்பத்துப் பூர்வகுடிகளுக்கென்று இருக்கும் சட்டம் 1954-ஐச் சேர்ந்தது. அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அவர்கள் சோறு கொடுத்துவிடக் கூடாது என்ற கவலையிலிருந்து பிறந்தது. அதன்படி அவர்கள் தங்கள் சொந்த ஒதுக்கிடத்திலேயே, அரசு விரும்பும் வரை இருந்துகொள்ளலாம் என்ற நிலைதான். நிலத்தை எடுத்துக்கொண்டால் பழ மரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இழப்பீடு உண்டு. நிலத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். துரியான் மரத்துக்கு விலை உண்டு, அது நின்ற மண்ணுக்கு இல்லை.

இதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்டவர் சாகோங் தாசி என்ற தெமுவான் முதியவர். சிலாங்கூரில் டெங்கில் அருகே புக்கிட் தம்போய். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995-ல் அவர்களை வெளியேற்றினார்கள். 2002-ல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு அந்த நிலத்தில் வழக்காற்று உரிமை உண்டு என்றது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். 2010-ல் 65 லட்சம் ரிங்கிட்டில் சமரசம். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போகிறபோதெல்லாம் நாம் அந்தச் சாலை வழியாகத்தான் போகிறோம்.

இந்த வழக்கின் வாதம் எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று பிறகுதான் பிடிபட்டது. ஜெலுத்தோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் குளுகோர் பக்கம் கம்போங் புவா பாலா இருந்தது. மாடும் ஆடும் வளர்த்த தமிழர் கிராமம். பிரௌன் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள். 2009-ல் அடுக்குமாடிக்காக இடித்தார்கள். அன்றைக்கு நம் பத்திரிகைகளில், பேச்சில் எல்லாம் என்ன சொன்னோம்? தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறோம், காகிதம் இல்லாவிட்டால் என்ன, எங்கள் கோயில் இங்கே, எங்கள் தென்னை இங்கே, எங்கள் செத்தவர்கள் இங்கே என்றோம். நீண்ட இருப்பே உரிமை என்றோம். அதே வாதத்தை நம்மைவிடப் பல மடங்கு பழைய இருப்போடு ஒருவர் சொல்லும்போது நமக்கு ஏன் அது வளர்ச்சிக்கு எதிரான பேச்சாகக் கேட்கிறது? தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களுக்கும் இழப்பீடு என்பது வேலைக்காகத்தான் கிடைத்தது, கிடைத்தால். வாழ்ந்த மண்ணுக்காக இல்லை. இந்த இரண்டு கதைகளையும் ஒரே நாவலில் வைத்து எழுத ஒருவர் வர வேண்டும்.

சுரங்கம் நமக்கு அந்நியமும் இல்லை. பினாங்கின் பழைய பணத்தில் பாதி ஈயம் நாறும். டத்தோ கிராமாட் சாலையில், இப்போது டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிற இடத்தில், ஈய உருக்காலை இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் 1902-லிருந்து இன்னொன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களிலிருந்து தாது இங்கே வந்து கட்டியாகிக் கப்பலேறியது. மிச்சமாக நின்றவை ஈயக்குட்டைகள். அவற்றில் விழுந்து செத்த பிள்ளைகளின் கதை இல்லாத தோட்டம் பேராக்கில் குறைவு.

லம்பத்தின் கழிவுக்கு அமாங் என்று பெயர். அந்த அமாங்கிலிருந்து வந்த மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் பிரிக்கும் ஆலைதான் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-ல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த். ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு அதில் பங்கு. தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு வெளியானது. ஊர் மக்கள் 1985-ல் வழக்குப் போட்டார்கள். கூட நின்றது பினாங்கிலிருந்து பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும். வழக்கில் நின்றவர் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். சங்கத்தை நடத்தியவர் 2019-ல் காலமான எஸ்.எம். முகமது இத்ரிஸ். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, ஆனாலும் 1994-ல் நிறுவனம் தானாகவே மூடிக்கொண்டது. கழிவு கிளேடாங் மலையில் புதைக்கப்பட்டது. மறுபடியும் மலை.

தம்பி கேட்ட காந்தம் இங்கேதான் வருகிறது. போனின் ஸ்பீக்கரிலும் அதிர்வு மோட்டாரிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் காந்தத்துக்கு நியோடிமியம் வேண்டும். மலேசியாவின் மலைக் களிமண்ணில் அந்தக் குடும்பத்துத் தனிமங்கள் இருக்கின்றன. பேராக்கில் கெரிக் பக்கம் கெனெரிங்கில் 2022-லிருந்து முன்னோடித் திட்டம் நடக்கிறது. மலையின் மேலிருந்து துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்துவார்கள். அது களிமண்ணில் ஒட்டியிருக்கும் தனிமங்களை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கும். அங்கே பிடித்துக்கொள்வார்கள். மலையை வெட்டவே வேண்டாம், கதிரியக்கமும் இல்லை என்பது ஆதரவாளர்கள் வாதம். செலுத்தியது அவ்வளவும் பிடிபடுமா, மிச்சம் எந்த ஊற்றுக்குப் போகும் என்பது எதிர்ப்பவர்கள் கேள்வி. 2024 முதல் பதப்படுத்தாத அரிய மண் ஏற்றுமதிக்குத் தடை. 2025 அக்டோபரில் அமெரிக்காவோடு முக்கியக் கனிமங்கள் பற்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம். சீனாவும் கேட்கிறது, அமெரிக்காவும் கேட்கிறது. மலையில் இருப்பவரிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் செய்திகளில் கடைசிப் பத்தியில்கூட வருவதில்லை.

2019-ல் கிளந்தானில் குவா மூசாங் அருகே கோலா கோ என்ற பாத்தேக் கிராமத்தில் சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்தில் சுரங்கம் இருந்ததால் தண்ணீரில் விஷம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு சுகாதார அமைச்சு தட்டம்மை என்றது. தட்டம்மைதான். அதைக் கேட்டதும் பலருக்கு நிம்மதி, ஏதோ சுரங்கம் விடுதலையாகிவிட்ட மாதிரி. இந்தக் காலத்தில் தட்டம்மையில் ஒரு கிராமம் சாகிறது என்றால், காடு போய், உணவு போய், உடம்பில் தெம்பு போய், தடுப்பூசி வந்து சேராத நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். அது எந்த அறிக்கையின் எந்த வளையத்தில் வரும்?

இதெல்லாம் புதிதா என்றால் இல்லை. சிலப்பதிகாரத்தில் வஞ்சிக் காண்டத் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். மலைவளம் காண வந்த செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கிறான். குன்றத்து மக்கள் காணிக்கை சுமந்து வருகிறார்கள். நீளமான பட்டியல். தந்தம், அகில், தேன், சந்தனம். அதோடு சிந்தூரம், அஞ்சனம், அரிதாரம் என்று கனிமங்களும். ஏழு பிறப்பும் உனக்கு அடிமை என்றும் சொல்கிறார்கள். வேங்கை மரத்தடியில் கண்ணகியைப் பார்த்த சாட்சியும் அவர்களே. வகுப்பில் இதை மலையின் செழிப்பு என்று படித்தோம். இப்போது வாசித்தால் வரிக் கணக்கு மாதிரி இருக்கிறது. மன்னனோ கண்ணகிக்குக் கல்லெடுக்க இமயம் வரை படையோடு போகிறான். கல் குவாரிக்கும் போர் வேண்டும் போலும்! இரா. முருகவேளின் ‘மிளிர் கல்’ கண்ணகியின் சிலம்புக்குள் இருந்த கல்லைத் தொட்டுக் கொங்குப் பகுதியின் ரத்தினக் கற்கள் வரைக்கும் போகிறது, நல்ல திசை. ஆனால் காணிக்கை சுமந்து வந்தவர்களின் பக்கத்திலிருந்து அந்தக் காதையை யாரும் இன்னும் திருப்பி எழுதவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முறை, ஒரே ஒரு முறை என்றுகூடச் சொல்லலாம், தராசு கைமாறியது. ஒடிசாவில் நியாம்கிரி மலை. வேதாந்தாவுக்கு பாக்சைட் வேண்டும். டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலை நியாம் ராஜா என்ற தெய்வம். 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. அந்த வருட ஜூலை, ஆகஸ்டில் 12 கிராம சபைகள் கூடின. 12-ம் வேண்டாம் என்றன. 2014-ல் அரசு அனுமதியை மறுத்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது மலை பிழைத்தது அல்ல. அந்த மக்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் அது அவர்களுடைய முடிவாக இருந்திருக்கும். ஞானியாக இருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்திருக்காது. 2007-ல் ஐ.நா.வின் தொல்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு மலேசியாவும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. அதில் முன்கூட்டியே, சுதந்திரமாக, விவரம் தெரிவித்துப் பெறும் சம்மதம் என்று இருக்கிறது. நியூயார்க்கில் கையைத் தூக்குவது சுலபம்.

அதனால் தம்பிக்கு இப்போது என் பதில் இது: தோண்டாமல் இருக்க முடியாதுதான். நானும் போன் வைத்திருக்கிறேன். ஆனால் காடு எவ்வளவு, தாது எவ்வளவு என்று பேலன்ஸ் பார்ப்பது இரண்டாவது வேலை. யார் அளப்பது என்பது முதல் வேலை. எழுத்தாளர்கள் பேலன்ஸைப் பற்றி எழுதவில்லை என்று நீ சொன்னாய். அது உண்மை. ஆனால் எழுத வேண்டியது பேலன்ஸான நாவல் இல்லை. லம்பத்தில் லாரி ஓட்டுகிற தமிழனைப் பற்றி எழுதலாம், அவன் சம்பளத்தில் படிக்கிற பிள்ளையைப் பற்றி, அந்த லாரி ஏறிப்போகிற மண் சாலையை மறித்து மூங்கில் கட்டி நிற்கிற தெமியார் பெண்ணைப் பற்றி. அவளுக்கும் கோபம், பசி, பொய், சிரிப்பு எல்லாம் இருக்கட்டும். இரண்டு பேரும் ஒருவர் மொழியில் ஒருவர் பேச முடியாமல் மலாயில் பேசிக்கொள்வார்கள். அந்த உரையாடலை எழுத நக்கீரன் வர வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்கள்தான் எழுத முடியும். அந்த மலாயும் அந்தத் தமிழும் நம் காதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இது ஒரு ஓரக்குறிப்பு. எங்கள் ஊர்ப் பெயரே ஒரு காட்டு மரத்தின் பெயர். ஜெலுத்தோங் மரத்துப் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய ஏற்றுமதியானது, அதைக் காட்டுக்குள் போய்ச் சேகரித்தவர்களில் பூர்வகுடிகள் உண்டு. மரம் உயர்ந்து நேராகப் போகும். கட்டை மெத்தென்று இருக்கும், பென்சிலுக்கு ஆகும். நாற்பது வருடமாக இந்த முகவரியை எழுதுகிறேன், அந்த மரத்தை நேரில் பார்த்தது தாமான் நெகாராவில் ஒரு முறைதான். எங்களுக்குக் காட்டித் தந்தவர் ஒரு பாத்தேக் இளைஞர். பாராங்கால் பட்டையை லேசாகக் கீறினார். வெள்ளையாகப் பால் வந்தது. “எங்க பாட்டியும் இப்படித்தான் கீறுவாங்க, வேற மரத்துல” என்று மலாயில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சிகரெட் இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அகியாவின் ‘பெராங் சங்கில்’ என்று முடிவாகியிருக்கிறது. பிரதி ஒன்றுதான் இருக்கிறது, என்னுடையது. மலாய் கொஞ்சம் தடுக்கும் என்று இரண்டு பேர் முனகினார்கள். பயான் லெப்பாஸ் தம்பி முதல் இரண்டு அத்தியாயத்தை மேசையிலேயே வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘சாக்காய்’ வருகிற இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று நேற்று ராத்திரி மெசேஜ் அனுப்பிக் கேட்டார். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.